மூச்சின் விலை

நுழையும்முன்

நீரில் வாழும் உயிர் நீரிலேயே மூச்சுத்திணறி இறக்குமா? ஒரு சிறுவனின் மனத்தில் எழுந்த இவ்வினாவிற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நம் ஏரிகளில் வாழும் விரால், பனையேறிக் கெண்டை ஆகிய மீன்களைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த உண்மைகளையும், அவ்வுண்மைகள் ஓர் ஆசிரியரின் வாழ்வைத் தொட்ட விதத்தையும் கூறுகிறது இக்கட்டுரை.

தவலைக்குள் ஒரு விரால்

சேலையூர் ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் எங்கள் வீடு இருந்தது. ஆண்டு 1979. நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். தாம்பரம் தொடர்வண்டிப் பணிமனையில் வேலை பார்த்த என் தந்தையார் மாலையில் வீடு திரும்பும்போது, ஏரியில் வலை வீசுவோரிடம் சில நாள்களில் மீன் வாங்கி வருவார். பெரும்பாலும் கெண்டையோ கெளுத்தியோ இருக்கும். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவர் கொண்டுவந்தது முழங்கை நீள விரால் ஒன்று. ஈரச் சாக்கில் சுற்றப்பட்டிருந்த அது, முற்றத்தில் விட்டதும் பாம்பு போல் நெளிந்து ஊர்ந்தது. சாணம் மெழுகிய தரையில் அரைமணி நேரம் கிடந்தும் அது சாகவில்லை. எனக்கு வியப்பு தாளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விருந்தினர் வருவர்; அதுவரை மீன் உயிருடன் இருக்கட்டும் என்றார் அம்மா. அதைக் காக்கும் பொறுப்பை நானே கேட்டுப் பெற்றேன். அதை நான் கொல்ல விடப்போவதில்லை என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டேன். விடியும்முன் எழுந்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்பது என் திட்டம். அடுக்களையில் இருந்த பித்தளைத் தவலையைக் கழுவி, கிணற்றிலிருந்து தூய நீர் இறைத்து, விளிம்பு வரை நிரப்பினேன். மீனுக்கு நீர் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்மை என்று எண்ணினேன். விராலை உள்ளே விட்டதும் அது துள்ளிற்று. வெளியே குதித்துவிடுமோ என்றஞ்சி, நீர் வழிய வழிய ஒரு தட்டை வைத்து அழுத்தி மூடி, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன். அதன்பின் நிம்மதியாக உறங்கினேன்.

விடியற்காலையில் குழவியை இறக்கித் தட்டை எடுத்துப் பார்த்தேன். விரால் வயிறு மேலாக மிதந்தது. ஈரச் சாக்கிலும் வறண்ட தரையிலும் சாகாத மீன், நான் அன்போடு இறைத்து ஊற்றிய தூய நீரில் செத்துக் கிடந்தது.

நான் அழுததைக் கண்டு ஓடிவந்த ஆயா, தவலையையும் தட்டையும் குழவியையும் மாறி மாறிப் பார்த்தார். "மூச்சு முட்டிப் போச்சுடா கண்ணு. அதுக்கு மேல வந்து மூச்சு விட எடம் வெக்கலியே நீ" என்றார். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். மறுநாள் வகுப்பில், மீன் நீரில் மூழ்கி இறக்குமா என்று எழுந்து கேட்டேன். வகுப்பே நகைத்தது. மீன் செவுளால் மூச்சுவிடும் என்று பாடநூலில் தெளிவாக எழுதியிருந்தது. ஆயா சொன்னது தவறு என்று நானும் முடிவு செய்துகொண்டேன். அது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. மீன் வேறு எதனாலோ இறந்தது எனில் பிழை என்னுடையதன்று.

செவுளுக்கு மேலே ஓர் அறை

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. புதர்க்காடும் புள்ளிமான்களும் நிறைந்த அவ்வளாகம் உயிரியல் கற்போர்க்கு ஒரு திறந்தவெளி ஆய்வகம். அங்கு விலங்கியல் துறைத் தலைவராக விளங்கிய பி. ஜே. சஞ்சீவராஜ், பழவேற்காடு ஏரியின் உயிர்ச்சூழலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். நீர்நிலைகளை நோக்கி மாணவரை அழைத்துச் செல்லும் மரபு அத்துறைக்கு உண்டு. நான் அக்கல்லூரியில் தமிழ் முதுகலை பயின்றபோது, விலங்கியல் பயின்ற நண்பன் ஒருவன் விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தான். ஒருநாள் இரவு உணவுக்குப்பின் பேச்சுவாக்கில் தவலைக் கதையை அவனிடம் கூறினேன். அவன் நகைக்கவில்லை. "உங்கள் ஆயா சொன்னதுதான் சரி" என்றான்.

மறுநாள் ஆய்வகத்தில், பாடத்திற்காக அறுத்து வைத்திருந்த ஒரு விராலின் தலையை எனக்குக் காட்டினான். செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறமும் ஒரு சிற்றறை இருந்தது. அதன் உட்சுவர் நுண்ணிய குருதி நாளங்களால் சிவந்திருந்தது. விரால் நீர்மட்டத்திற்கு வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கி, இவ்வறையில் நிறைத்துக்கொள்ளும். அங்கிருந்து உயிர்வளி குருதியில் கலக்கும். பனையேறிக் கெண்டையில் இதே இடத்தில், மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளாலான ஓர் உறுப்பு உண்டு. தேளி மீனிலோ செவுளறையிலிருந்து இரண்டு நீண்ட காற்றுப்பைகள் உடலின் பின்பகுதி வரை செல்கின்றன. தேவை ஒன்று, அதனை ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு வழியில் நிறைவு செய்துகொண்டிருக்கிறது.

நீரில் வாழும் மீனுக்குக் காற்று எதற்கு? நண்பன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதினான். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் உயிர்வளி உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பதோ ஐந்து மில்லிலிட்டருக்குச் சற்றே மிகுதி. அதுவும் நீர் தெளிந்து காற்றோடு நன்கு கலந்திருந்தால் மட்டுமே. கோடையில் வற்றிச் சூடேறிய குட்டையிலும், இலைதழை அழுகும் சேற்றிலும், இரவு நேரத்துப் பாசிக் குளத்திலும் இவ்வளவு மேலும் குறைந்துவிடும். நம் ஏரிகள் ஆண்டின் ஒரு பகுதியில் நிறைந்தும் மறுபகுதியில் வற்றியும் கிடப்பவை. இத்தகைய நீர்நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீன்களே காற்றைச் சுவாசிக்கும் ஆற்றலைப் பெற்றன. விராலுக்குச் செவுள் உண்டு. ஆயினும் வளர்ந்த விரால் உயிர்வாழ அச்செவுள் மட்டும் போதாது. நீர்மட்டத்தை அடையவிடாமல் தடுத்தால் அது மூழ்கி இறக்கும்.

"உன் தவலையில் நீர் இருந்தது. காற்று இல்லை. அவ்வளவுதான்" என்றான் நண்பன். பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் ஒதுக்கி வைத்திருந்த உண்மை அன்று என் முன் வந்து நின்றது. அந்த விராலைக் கொன்றது என் தட்டும் என் குழவியும்தான்.

ஆழத்தின் கணக்கு

அதே நண்பன்தான் ஓர் ஆய்வைப் பற்றியும் எனக்குச் சொன்னான். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவரும், 1984ஆம் ஆண்டு சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றவருமான டி. ஜெ. பாண்டியன், தம் உடன் ஆய்வாளர் எ. விவேகானந்தனுடன் இணைந்து விரால் மீனை ஆராய்ந்தார். அவ்வாய்வின் முடிவுகள் 1976இல் 'ஐட்ரோபயாலஜியா' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயின.

அவர்கள் எழுப்பிய வினா எளியது. மூச்சுவிட மேலே வருவதற்கு ஒரு மீன் என்ன விலை கொடுக்கிறது? விரால் குஞ்சுகளை வெவ்வேறு ஆழமுள்ள நீர்த்தொட்டிகளில் வளர்த்தனர். ஒவ்வொன்றும் ஒரு நாளில் எத்தனை முறை நீர்மட்டத்திற்கு வருகிறது, அதற்காக எவ்வளவு தொலைவு நீந்துகிறது, எவ்வளவு உண்கிறது, எவ்வளவு வளர்கிறது என்பவற்றைக் கணக்கிட்டனர். ஆழம் கூடக்கூட மூச்சுக்கான பயணத் தொலைவும் கூடிற்று. உண்ட உணவில் கூடுதலான பகுதி அப்பயணத்திலேயே செலவாயிற்று. வளர்ச்சிக்கு எஞ்சியது குறைந்தது. ஆழம் குறைந்த தொட்டியில் வளர்ந்த மீனே தான் உண்டதைத் திறம்பட உடலாக மாற்றிக்கொண்டது. ஆகவே, இத்தகைய மீன்களை ஆழம் குறைந்த நீரில் வளர்ப்பதே நன்று என்னும் முடிவு மீன் வளர்ப்போர்க்கும் பயன்படுவதாக அமைந்தது.

இதனை விளங்கிக்கொள்ள நாமே ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் ஒருமுறை மேலே வந்து திரும்ப 80 சென்டிமீட்டர் நீந்த வேண்டும். ஒரு நாளில் 500 முறை மேலே வருவதாகக் கொண்டால் 400 மீட்டர். விரல் நீளமே உள்ள ஒரு குஞ்சுக்கு இது நெடும்பயணம். இரை தேடுவதற்கு முன்பே, எதிரியிடமிருந்து தப்புவதற்கு முன்பே, வெறுமனே உயிரோடு இருப்பதற்காக அது நாள்தோறும் செலுத்தும் வரி இது.

அந்த வரியோடு மற்றோர் இடரும் உண்டு. நீர்மட்டத்தில்தான் நாரையும் கொக்கும் மீன்கொத்தியும் காத்திருக்கின்றன. ஒவ்வொரு மூச்சும் பகைவர் கண்ணில் படும் வாய்ப்பு. அதே 1976ஆம் ஆண்டில் டொனால்டு கிராமர், ஜெஃப்ரி கிரகாம் என்னும் ஆய்வாளர் இருவர், காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் பலவும் தனித்தனியே வராமல் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கூட்டமாக மேலே வந்து மூச்செடுப்பதைப் பதிவு செய்தனர். ஒன்று மட்டும் வந்தால் பறவைக்கு அதுவே குறி. பல ஒருசேர வந்து மறைந்தால் எதைக் கொத்துவது என்று தீர்மானிப்பதற்குள் எல்லாம் நீருள் இறங்கிவிடும். மூச்சு என்பது தனி உயிரின் தேவை; ஆயினும் அதனைக் கூடி நிறைவேற்றிக்கொள்வதில் காப்பு இருக்கிறது.

பனை ஏறிய மீன்

விராலுக்கு உறவாகச் சொல்லத்தக்க மற்றொரு மீன், நம் மக்கள் பனையேறி என்று அழைக்கும் கெண்டை. அதன் கதை நம் தமிழகக் கடற்கரை ஊராகிய தரங்கம்பாடியோடு தொடர்புடையது. அங்கு டேனியக் கும்பினியில் பணிபுரிந்த டால்டார்ஃப் என்னும் படை அலுவலர், 1791இல் குளத்தங்கரைப் பனையொன்றின் பட்டை வெடிப்பில் இம்மீன் நீர்மட்டத்திற்கு மேலே பற்றிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். அவரது குறிப்பு 1797இல் இலண்டன் இலின்னேயன் கழகத்தின் இதழில் வெளிவந்து, மரம் ஏறும் மீன் என்னும் வியப்பை உலகெங்கும் பரப்பிற்று.

பனையேறி உண்மையிலேயே பனை ஏறுமா? பிற்கால ஆய்வாளர்கள் இதில் ஐயம் கொண்டனர். காகமோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் விட்ட மீன், காற்றைச் சுவாசிக்க வல்லதாதலால் அங்கேயே உயிரோடு இருந்திருக்கலாம் என்று விளக்கினர். ஆயின், மழைநாளில் இம்மீன் குளத்தை விட்டு வெளியேறித் தரையில் நடப்பது எவரும் காணத்தக்க உண்மை. முள் நிறைந்த செவுள் மூடிகளை மாறி மாறித் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு குட்டையிலிருந்து மற்றொரு குட்டைக்கு அது செல்கிறது. உயர்வாகச் சொல்லப்பட்ட பெயராயினும், அப்பெயரை இட்டவர்கள் மீனை உற்று நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை.

இம்மீனின் உறவுமுறையையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடாவில் உள்ள கிறைஸ்ட் கல்லூரி ஆய்வாளர்கள் 2004இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பனையேறியின் முன் இரு கூட்டங்களை வைத்தனர். ஒன்று பழகிய மீன்களின் சிறு கூட்டம். மற்றொன்று பழகாத மீன்களின் பெருங்கூட்டம். அது பெருங்கூட்டத்தையே நாடிற்று. பழக்கம் இனிது, ஆயினும் எண்ணிக்கை தரும் பாதுகாப்பு அதனினும் பெரிது என்று அம்மீன் கணக்கிட்டதுபோலும். மீனுக்கு நினைவும் தேர்வும் உண்டு என்பதை இத்தகைய ஆய்வுகள் நமக்குக் காட்டுகின்றன.

செந்நிறக் குஞ்சுகள்

விராலின் வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி அதன் பெற்றோர் பண்பு. கரையோரப் புல்லும் பூண்டும் நிறைந்த ஆழமற்ற இடத்தில் ஆணும் பெண்ணும் ஒரு சிறு வட்டத்தைத் துப்புரவாக்கி அங்கே முட்டையிடும். மஞ்சள் நிற முட்டைகள் நீரில் மிதக்கும். குஞ்சு பொரித்த பின்னும் பெற்றோர் அகல்வதில்லை. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் ஒரு சிவந்த மேகம்போல் நகர, அவற்றின் கீழே பெற்றோர் காவல் சுற்றிவரும். தவளை நெருங்கினும் வேறு மீன் நெருங்கினும் பாய்ந்து விரட்டும்.

பிறந்தவுடன் குஞ்சுகளால் காற்றைச் சுவாசிக்க இயலாது. செவுளறைக்கு மேலுள்ள அறை அதன்பின்பே வளர்கிறது. அதுவரை அவை செவுளையும் தோலையும் நம்பி வாழ்கின்றன. மேலே வந்து மூச்செடுக்கும் திறன் வாய்த்த பின்னரே தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும் வாழ்வு தொடங்குகிறது. ஒவ்வோர் உயிர்க்கும் ஒவ்வொரு பருவத்திலும் தேவை வேறுபடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான் மூடிய மற்றொரு தவலை

இனி நான் சொல்லப்போவது ஆசிரியப் பணியில் என் நெஞ்சை இன்றும் உறுத்தும் ஒரு நிகழ்வு.

பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், பத்தாம் வகுப்பில் கூர்மையான மாணவன் ஒருவன் இருந்தான். செய்யுளை ஒருமுறை கேட்டால் மறுமுறை ஒப்புவிப்பான். ஆனால் மாலை மணி அடித்ததும் ஒரு நொடியும் நில்லாமல் ஓடிவிடுவான். அவனை மாவட்ட முதல்வனாக்கிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நாள்தோறும் மாலை ஆறரை மணிவரை அவனுக்கென்று தனி வகுப்பு வைத்தேன். கட்டணம் ஏதும் வாங்கவில்லை. என் செலவில் சிற்றுண்டியும் வாங்கித் தந்தேன். அவன் ஓரிருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சாக்குப்போக்கு சொல்லாதே, படி" என்று அடக்கினேன். வகுப்பறைக் கதவையும் சாத்திவைத்தேன். சன்னல் வழியே அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது கவனக்குறைவு என்றே நினைத்தேன்.

மூன்று வாரங்களுக்குப்பின் அவன் பள்ளிக்கு வருவது நின்றது. தேடிச் சென்றபோதுதான் அறிந்தேன். அவன் தந்தை ஏரியில் மீன்பிடிப்பவர், பார்வை மங்கியவர். பொழுது சாயும் நேரத்தில் வலை கட்டவும் விடியலில் அதை எடுக்கவும் மகன் உடனிருந்தாக வேண்டும். மாலை வகுப்பா, வீட்டில் அடுப்பெரிவதா என்னும் நிலையில் அவன் பள்ளியை விட்டிருந்தான். எவ்வளவோ சொல்லியும் அவன் திரும்பவில்லை. அவனிடம் ஒருநாளும் "மாலையில் உனக்கு என்ன வேலை?" என்று நான் கேட்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் தாம்பரம் சந்தைப் பகுதியில் அவனைக் கண்டேன். அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் உயிருள்ள விரால்களை வைத்து விற்றுக்கொண்டிருந்தான். "வணக்கங்க ஐயா" என்று எழுந்து நின்றான். எனக்குப் பேச்சு எழவில்லை. ஏதேனும் கேட்க வேண்டுமே என்று, "பாத்திரத்தில் இவ்வளவு குறைவாக நீர் ஊற்றியிருக்கிறாயே, ஏன்?" என்றேன். விடை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"நெறைய ஊத்தி மூடி வெச்சா செத்துடுங்க ஐயா. மூச்சுக்கு மேல வரணும். இந்த அளவு ஊத்தினா, தலையத் தூக்கினாலே காத்து கெடைக்கும், அலுப்பு இல்லாம கெடக்கும்" என்றான்.

பேராசிரியர்கள் தொட்டி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்து கண்ட உண்மையை அவன் தன் பாத்திரத்தில் நாள்தோறும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான். "குஞ்சுங்க செவப்பா மேயும்போது தாய் விராலைப் பிடிக்கமாட்டோங்க ஐயா. பிடிச்சா அத்தனையும் போயிடும்" என்றும் சொன்னான். அன்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். என்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் மகள் எட்டாம் வகுப்பு படிப்பதாகக் கூறியபோது, அவள் எந்த நேரத்தில் படிக்கிறாள், அவளுக்கு என்ன தேவை என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தவறுகள் தேவைப்பட்டன.

ஏரியின் மேல் இட்ட தட்டு

தாம்பரத்தைச் சுற்றிலும் ஏரிகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கிடந்தவை. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஓர் ஏரி நிரம்பி மறு ஏரிக்கு வழிந்து, இறுதியில் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். அச்சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஏரிகளை இணைத்த கால்வாய்கள் மீன்களுக்கும் வழியாக இருந்தன. மழைக்காலத்தில் நீரோடு ஏறி, புதிய கரைகளில் முட்டையிட்டு, பெருகி வாழ்ந்தன. இன்று கால்வாய்கள் பலவும் சுருங்கிவிட்டன. வீடுகளின் கழிவுநீர் ஏரிகளில் கலக்கிறது.

இங்கு நாம் ஒன்றை நுட்பமாகக் காணவேண்டும். கழிவு கலந்த நீரில் உயிர்வளி குறையும்போது முதலில் மறைவன செவுளை மட்டுமே நம்பிய சிறு கெண்டை முதலான மீன்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் அதன்பின்னும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று சிலேபிக் கெண்டை என்று வழங்கப்படும் திலேப்பியாவும், வளர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அந்நீரில் பெருகும். ஆகவே, ஏரியில் மீன் துள்ளுகிறது என்பதால் மட்டும் ஏரி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது. எந்த மீன் துள்ளுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிக் கிடக்கும் ஏரியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தவலையும் தட்டும் நினைவுக்கு வருகின்றன. ஒளி புகாத நீரில் உயிர்வளி உண்டாவதும் குறைகிறது; காற்றோடு கலப்பதும் தடைப்படுகிறது. பச்சைப் பசேல் என்று கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அம்மூடியின் கீழே எத்தனை உயிர்கள் திணறுகின்றன என்பதைக் கரையில் நிற்பவர் அறியார். குழவிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கிய சிறுவனும் அறிந்திருக்கவில்லை.

வெள்ளத்தில் வந்த விருந்தினர்

2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த மழையை இப்பகுதியினர் மறக்க இயலாது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் நீரும் ஏரிகளின் நீரும் கலந்து முடிச்சூர்ப் பகுதித் தெருக்களில் புகுந்தன. அங்கிருந்த எங்கள் வீட்டின் கீழ்த்தளம் நீரில் மூழ்கிற்று. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மாடிப்படியில் அமர்ந்து நீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் நீர் வடியத் தொடங்கியபோது, நான்காம் படியின் மூலையில் சேற்றில் ஏதோ அசைந்தது. விரால். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துவந்தாள். அவள் மொட்டைமாடியில் மழைநீர் பிடித்து வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பீப்பாயைக் காட்டி, "இதுல விட்டு மூடி வெச்சிடலாம்பா. நிறைய தண்ணி இருக்கு, பூனையும் தொடாது" என்றாள். அவள் கையில் பீப்பாயின் மூடி இருந்தது.

எனக்கு ஒரு கணம் முப்பத்தாறு ஆண்டுகள் மறைந்தன. அவள் கண்ணில் இருந்தது அன்று என் கண்ணில் இருந்த அதே அன்பு. துணி துவைக்கும் அகன்ற தொட்டியில் ஒரு சாண் அளவே நீர் ஊற்றி, மேலே பழைய கொசுவலையைக் கட்டினோம். ஏன் என்று அவள் கேட்டாள். நான் விளக்கம் கூறவில்லை. "பக்கத்தில் உட்கார்ந்து பார்" என்றேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்தாள். சற்று நேரத்தில் விரால் தலையை உயர்த்தி, வாயைத் திறந்து, ஒரு குமிழியை விட்டு, காற்றை விழுங்கி, மீண்டும் இறங்கிற்று. மகள் திகைத்து என்னைப் பார்த்தாள். "அப்பா, இது மூச்சு விடுது" என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தவலைக் கதையை முதன்முறையாகச் சொன்னேன்.

வெள்ளம் முற்றும் வடிந்தபின், பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு அதனை எடுத்துச் சென்று, புல் மண்டிய ஆழமற்ற ஓரத்தில் விட்டோம். சிறிது நேரம் அசையாமல் இருந்து, பின் மெல்ல நழுவி மறைந்தது.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். ஒரு மாலையில் பெரியவர் ஒருவர் துணையோடு அதன் கரையில் பத்து நிமிடம் அமைதியாக நில்லுங்கள். நீர்மட்டத்தில் ஒரு வாய் திறந்து மூடுவதையும், ஒரு சிறு வளையம் விரிந்து அகல்வதையும் காண்பீர்கள். எத்தனை முறை என்று எண்ணி, நாளும் நேரமும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பல்கலைக்கழகப் பேராய்வுகள் யாவும் இத்தகைய எண்ணிக்கையிலிருந்தே தொடங்கின. அதனோடு கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடமும் நான்கு சொல் கேளுங்கள். உங்கள் நூலில் இல்லாத ஒரு செய்தி அவரிடம் இருக்கும்.

அன்பு செய்வது எளிது. அன்பு செய்யப்படும் உயிர்க்கு என்ன தேவை என்று கேட்டறிந்து செய்வது அரிது. என் ஆயா இதனைக் கண்ணால் கண்டு அறிந்திருந்தார். அறிஞர் இருவர் அளந்து அறிந்தனர். என் மாணவன் தொழிலால் அறிந்தான். நான் மட்டும் ஒரு விராலையும் ஒரு மாணவனின் படிப்பையும் விலையாகக் கொடுத்து அறிந்தேன். நீங்களேனும் அவ்விலையின்றி அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.